கீரை விற்கும் தாயின் குருதி

மருதனார்மடம் சந்தைக்கு விடியற்காலையில் வருபவர்கள் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். முருங்கையிலை, பொன்னாங்காணி, முளைக்கீரை என்று கட்டுக்கட்டாக அடுக்கி வைத்துக்கொண்டு எமது பெண்கள் அமர்ந்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. கீரை விற்றுத் தீர்ந்ததும் ஒரு இறாத்தல் பாணும் கொஞ்சச் சீனியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். காலைச் சாப்பாடு பாணும் பிளேன்ரீயும். இரும்புச் சத்தை விற்றுவிட்டு வெறும் மாவை வாங்கிப் போகிறோம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நாம் வைத்தியர்கள் அல்லர். ஆயினும் 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களின் வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் போய்வருபவர்கள் என்ற வகையில், மாதம் காணாமல் பிறந்த பிள்ளைகளைப் பற்றிய கதைகளை நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். "பாரம் தூக்கினவள்", "கண்ணூறு பட்டது", "மருமகளின் உடம்பு வாசி அப்படி" என்று காரணம் சொல்லப்படும். குற்றம் எப்படியோ தாயின் தலையில்தான் வந்து விழும். அவளுடைய குருதியில் என்ன குறைந்தது, அது ஏன் குறைந்தது என்று எவரும் கேட்பதில்லை.

முப்பத்தேழு வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் பிள்ளையையே குறைமாதப் பிள்ளை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று அப்படிப் பிறந்தது; தொகையில் 1 கோடி 34 இலட்சம். பல குறைமாதப் பிரசவங்களுக்குக் காரணம் இன்னதென்று வைத்தியர்களாலும் சொல்ல முடிவதில்லை. ஆனால் தெரிந்த காரணங்கள் சிலவற்றை நாம் தடுக்கலாம். (ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தப்பாது என்று எமது பாட்டிமார் சொல்வது தவறு. வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு இலாபமே.)

குருதிக்குச் சிவப்பு நிறத்தைத் தருவது ஈமோகுளோபின் என்னும் புரதம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. சுவாசப்பையில் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு போய் உடலெங்கும் இறக்குவது அந்த நான்கும்தான். வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாக மூச்சில்லை. தாயின் ஈமோகுளோபின் கொண்டுவருவதே அதன் மூச்சு. ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுவதற்குத் தாய்க்கு மேலதிகமாகத் தேவைப்படும் இரும்பு ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு சிறு ஆணியின் நிறை. அந்த ஆணி கிடைக்காதபோது குருதிச்சோகை வருகிறது. சோகை கடுமையானால் குறைமாதப் பிரசவமும் நிறை குறைந்த பிள்ளையும் வரும் ஆபத்துக் கூடுகிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது சோகை. கிளினிக்கில் கொப்பியில் எழுதித் தரும் அந்த எண்ணைக் கணவன்மாரும் வாசிக்கப் பழகவேண்டும். மிளகாய்க் கன்றின் இலை வெளிறினால் என்ன சத்துக் குறைவு என்று சொல்லத் தெரிந்தவர்கள் மனைவியின் இமையின் உட்புறம் வெளிறியிருப்பதைக் காணாமலிருப்பது எமக்கு விளங்கவில்லை.

கீரை தின்றால் மட்டும் போதுமா? போதாது. இலையில் உள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் எடுக்கும். வறைக்குத் தேசிப்புளி விட்டால், அல்லது சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் தின்றால், அந்தப் பங்கு கூடும். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரமாவது பொறுக்கவேண்டும். மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பை உடல் இலகுவில் ஏற்கும். ஆனால் எங்கள் வீடுகளில் கறிச்சட்டியிலிருந்து மீன் துண்டு முதலில் யாருடைய கோப்பைக்குப் போகிறது? கிரந்தி என்று சொல்லி நல்ல மீனையே கர்ப்பிணிக்கு விலக்கும் வழக்கமும் இருக்கிறது. சோகை வந்தபின் சாப்பாடு மட்டும் அதை ஈடுகட்டாது. கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையும் வேண்டும். அந்த மாத்திரையால் மலம் கறுக்கும், சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். அதற்குப் பயந்து முகட்டு ஓலையில் செருகி வைக்கப்பட்ட மாத்திரைகளை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். சத்தி வந்தால் இரவில் படுக்கப் போகுமுன் எடுத்துப் பார்க்கலாம், மருத்துவமாதிடம் சொல்லலாம், எறிந்துவிடக் கூடாது. கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல் வேறு வேறு வேளையில் எடுக்கவேண்டும்.

1973இல் தொடங்கிய திரிபோஷாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சோளமும் சோயாவும் சேர்ந்த நல்ல மா அது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அதன் விநியோகம் தடைப்பட்டபோதுதான் பலருக்கு அதன் அருமை தெரிந்தது. கிடைக்கும் காலத்திலும் ஒரு பொதியை வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கிட்டபின் தாய்க்கு மிஞ்சுவது ஒரு கரண்டி. தாயைக் கண்டிக்க எமக்கு மனம் வரவில்லை. பசியுள்ள வீட்டில் வேறெப்படி நடக்கும்?

இனி இன்னொரு புரதம். கர்ப்பத்தின் பிற்பாதியில் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறி, முகமும் கையும் வீங்கி, சிறுநீரில் புரதம் போகும். முற்றினால் வலிப்பு வரும். தாயும் பிள்ளையும் போய்விடலாம். பிள்ளையை வெளியே எடுப்பதுதான் அதற்குத் தீர்வு என்பதால் பிள்ளை குறைமாதத்தில் பிறக்கிறது. இது ஏன் வருகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று பொஸ்டன் நகரில் ஆராய்ந்த வைத்தியர் அனந்த் கருமாஞ்சியும் அவருடன் இருந்தவர்களும் 2003இல் ஒரு திறப்பைக் கண்டுபிடித்தார்கள். சூல்வித்தகம் ஒரு புரதத்தை அளவுக்கு மீறிக் குருதியில் கலக்கிறது. அது குருதிக் குழாய்களைப் பேணும் நல்ல புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய்கள் கெட்டு அழுத்தம் ஏறுகிறது. இந்தப் புரதங்களை அளக்கும் குருதிப் பரிசோதனைக்கு 2023ஆம் ஆண்டு வைகாசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்தப் பரிசோதனைக்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை. கையில் பட்டி கட்டி அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரில் ஒரு தாளை நனைத்துப் பார்ப்பதும் எமது கிளினிக்குகளில் நெடுங்காலமாக நடப்பவை. குருதியில் இருக்கவேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரகத்தால் ஒழுகுகிறதா என்பதையே அந்தத் தாள் காட்டுகிறது. காசில்லாத பரிசோதனை என்பதால் அதை இளக்காரமாக எண்ணவேண்டாம். கடுந்தலையிடி, கண் மங்கல், மேல் வயிற்று நோ, முகவீக்கம் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை இருக்கக்கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

முகாம்களிலும் நெருக்கமான வாடகை வளவுகளிலும் பெண்கள் எம்மிடம் நேரே சொல்லாத ஒன்றும் உண்டு. மலசலகூடம் தூரத்தில், அல்லது ஐந்து குடும்பத்துக்கு ஒன்று. இருட்டில் போகப் பயந்து அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். இப்படிச் செய்தால் சிறுநீர்த் தொற்று வருவது இலகு. அந்தத் தொற்று பிரசவ வலியை முந்திக் கொண்டுவரக்கூடும். ஒரு மலசலகூடக் கதவுக்கும் ஒரு மின்குமிழுக்கும் ஆகும் செலவைக் குறைமாதப் பிள்ளையின் வைத்தியச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்.

கிணற்றுக்கு வருவோம். வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்புள்ள சுண்ணக்கல். மேலே போடும் யூரியாவும், எருவும், மலக்குழிக் கழிவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றில் இறங்குகின்றன. எமது விஞ்ஞானிகள் 1980களிலேயே இதை அளந்து எழுதினார்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கும் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல. கைக்குழந்தையின் உடலில் அது ஈமோகுளோபினையே மாற்றிவிடும். மாறிய புரதம் ஒட்சிசனைச் சுமக்காது, பிள்ளை நீலம் பாரிக்கும். வயிற்றிலுள்ள பிள்ளையையும் இது பாதிக்குமா? கலிபோர்னியாவில் ஒரே தாய்க்கு அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வு, நைத்திரேற்று மிகுந்த தண்ணீர் குடித்த கர்ப்பங்களில் குறைமாதப் பிரசவம் கூடியிருந்ததைக் காட்டியது. இதை முடிந்த முடிவாக நாம் கொள்ளவில்லை. ஆனால் தோட்டக் கிணற்றில் குடிக்கும் எமக்கு இது போதிய எச்சரிக்கை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும்.

பசளையே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. 2021இல் அரசு ஒரே அடியில் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது எமது கமக்காரர் பட்ட பாடு தெரியும். பயிர் எடுக்கும் அளவுக்குமேல் கொட்டுவது காசையும் கிணற்றையும் ஒன்றாகக் கெடுக்கிறது என்பதே எமது வாதம். விடுவிக்கப்பட்ட காணிகளில் மீளக் குடியேறுபவர்கள், பாழ்கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதோடு நிற்காமல், தண்ணீரைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கவேண்டும்.

காணி இன்னமும் விடுபடாதவர்களின் நிலை வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம், மனைவிக்கு ஐந்து மாதமானபோது, வாடகை ஏறியதால் வீடு மாறியது. பழைய இடத்து மருத்துவமாது அவள் புதிய இடத்தில் பதிந்திருப்பாள் என்று நினைத்தார். புதிய இடத்து மருத்துவமாதுக்கு இப்படியொருத்தி வந்ததே தெரியாது. பத்து வாரம் எவரும் அழுத்தம் பார்க்கவில்லை, குருதி பார்க்கவில்லை. பிள்ளை எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒன்றரைக் கிலோ கூட இல்லாமல் பிறந்தது. தப்பியது கடவுள் புண்ணியம், வைத்தியசாலைத் தாதிமாரின் புண்ணியம். கிளினிக்கில் பதியவேண்டியது எட்டு வாரத்துக்குள் என்பது எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. முப்பது வருடத்தில் ஏழு எட்டு வீடு மாறியவர்களுக்கு அந்தப் பதிவு எப்படித் தொடரும் என்பதை எவரும் சொல்லவில்லை. ஒரு பிரிவிலிருந்து போகும் கர்ப்பிணியின் பெயரை அடுத்த பிரிவுக்கு அறிவிக்கும் பொறுப்பைச் சுகாதாரப் பகுதியினர் தாமே கையில் எடுக்கவேண்டும். அதுவரைக்கும் இந்த வேலை குடும்பத்தின் தலையில்தான். லாண்ட்மாஸ்டரில் சட்டி பானை ஏற்றும் நாளில் கர்ப்பிணியின் பதிவேட்டைச் சாக்குக்குள் போட்டுக் கட்டாதீர்கள். அது கணவனின் சட்டைப் பையில் இருக்கட்டும். சாமான் இறக்கி முடிந்த அன்று பின்னேரமே அவர் அதைக் கொண்டு புதிய இடத்து மருத்துவமாதின் வீட்டை விசாரித்துப் போகட்டும்.