குடில் பொம்மைக்கு விலை வைப்பது யார்? மழைக்கும் அட்வான்சுக்கும் நடுவே தவிக்கும் விளாச்சேரி

மதுரை:

டிசம்பர் பிறந்துவிட்டால் கடைத்தெருவில் நட்சத்திரம் தொங்கும். ஆலய வாசல்களில் பிளாட்பாரக் கடைகள் முளைக்கும். வைக்கோலைப் பரப்பி குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு, மாடு, ஒட்டகம் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் ஒட்டகத்தைத் தொட்டுப் பார்க்க, அம்மாக்கள் விலையைக் கேட்டு முகம் சுளிக்க, வியாபாரம் களை கட்டும்.

அப்படி அடுக்கி வைக்கும் பொம்மைகளில் பலவற்றுக்கு சொந்த ஊர் ஒன்றுதான். திருப்பரங்குன்றம் பக்கத்தில் உள்ள விளாச்சேரி. சதுர்த்திக்கு பிள்ளையார், நவராத்திரிக்கு கொலு செட், கார்த்திகைக்கு அகல் விளக்கு, கிறிஸ்துமசுக்கு குடில் செட் என்று வருஷம் முழுக்க மண்ணோடு மல்லுக்கட்டும் ஊர் இது. எல்லாம் அதே கை, அதே மண். சாமிதான் வேறு. இங்கிருந்து கேரளா வரைக்கும் குடில் செட் போகிறது.

பொம்மை விற்கிறது. ஆனால் காசு எங்கே நிற்கிறது? அங்கேதான் சிக்கலே.

800 வருஷத்து பழக்கம்

குடில் வைக்கும் வழக்கம் இத்தாலியில் தொடங்கியது. 1223-ம் ஆண்டு கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தீவனத் தொட்டி வைத்து கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். பிற்பாடு ஆளுக்கும் மாட்டுக்கும் பதிலாக பொம்மைகள் வந்தன. 2023-ம் ஆண்டோடு இதற்கு 800 வருஷம் முடிந்தது.

அதே இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் குடில் பொம்மைகளுக்கு என்றே ஒரு தெரு இருக்கிறது. பெயர் சான் கிரிகோரியோ அர்மேனோ. பட்டறையும் கடையும் அடுத்தடுத்து இருக்கும். வருஷம் பூராவும் பொம்மை விற்கும். வாங்க வருகிறவர் செய்கிறவரைப் பார்த்தே வாங்கிப் போகலாம்.

நம்ம ஊரில் கதை வேறு. செய்கிறவர் ஒரு பக்கம், விற்கிறவர் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் முன்பணம் என்ற அட்வான்ஸ்.

அவசரப்பட்டால் வெடித்துவிடும்

கண்மாய் மண்ணை ஊற வைத்து, கல்லும் தூசியும் போக வடிகட்டி, காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். அதன்பிறகு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு அச்சில் அழுத்தி எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய உடனே வெயிலில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் முதலில் நிழலில் காய்ச்சல், பிறகு வெயிலில் காய்ச்சல். நன்றாகக் காய்ந்தால்தான் சூளைக்குப் போகும். ஈரத்தோடு சூளையில் வைத்தால் பொம்மை வெடித்துவிடும். செய்த வேலை அத்தனையும் பாழ்.

சூளையில் இருந்து வந்த பிறகு வெள்ளை அடித்து, வண்ணம் தீட்டி, கடைசியாக கண் எழுதுவார்கள். கண் கோணினால் பொம்மை விலை போகாது. அதனால் அது கைப்பழக்கம் உள்ளவர் வேலை.

மழையோடு மல்லுக்கட்டு

இத்தனைக்கும் வெயில் வேண்டும். ஆனால் வடகிழக்கு பருவமழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கார்த்திகை அகலுக்கும் கிறிஸ்துமஸ் பொம்மைக்கும் வேலை நெருக்குவதும் அதே மாதங்களில்தான்.

அப்படியானால் முன்கூட்டியே செய்து வைக்கலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆடி, ஆவணியிலேயே குடில் பொம்மையைச் சுட்டு அடுக்கி வைத்துவிட்டால் மழை ஒன்றும் செய்யாது. ஆனால் நாலு மாதத்துக்கு பணம் முடங்கிப் போகும். மண்ணுக்கு, விறகுக்கு, பெயிண்டுக்கு கையில் இருந்து போட்டுவிட்டு டிசம்பர் வரை குடும்பம் எதைச் சாப்பிடும்?

இந்த இடத்தில்தான் வியாபாரி அட்வான்சோடு வருகிறார். அட்வான்ஸ் வாங்கினால் விலையும் அன்றைக்கே முடிந்துவிடும். டிசம்பரில் கடையில் என்ன விலைக்குப் போனாலும் செய்தவருக்கு ஆடி மாத விலைதான். ஆக, மழைக்குப் பயந்து முன்கூட்டி செய்ய வேண்டும், முன்கூட்டி செய்ய கடன் வேண்டும், கடன் வாங்கினால் விலை கையை விட்டுப் போகும். விளாச்சேரி மட்டுமல்ல, பண்டிகையை நம்பி கைவேலை செய்கிற எல்லா ஊருக்கும் இதே நிலைமைதான்.

வியாபாரி பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி பக்கம் பேய்மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. கிறிஸ்துமசுக்கு சரியாக ஒரு வாரம் இருக்கும்போது வந்த வெள்ளம் அது. ஜனங்கள் சோற்றுக்கும் குடிதண்ணீருக்கும் அலையும்போது பொம்மை யார் வாங்குவார்கள்? சரக்கு எடுத்து வைத்த கடைக்காரர் தலையில்தான் அந்த நஷ்டம்.

ஒரு சின்ன கணக்கு

புரிவதற்காக ஒரு கணக்கு போடுவோம். கடையில் 1,500 ரூபாய்க்கு விற்கும் ஒரு செட்டை செய்தவர் 700 ரூபாய்க்கு கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மண், விறகு, பெயிண்ட், உடைசல், வண்டிக் கூலி என்று 350 போனால் மிச்சம் 350. இதில்தான் வீட்டில் உள்ள அத்தனை பேர் உழைப்புக்கும் கூலி.

அதே செட்டை செய்தவரே 1,100 ரூபாய்க்கு நேரடியாக விற்றால்? வாங்குகிறவருக்கு 400 ரூபாய் லாபம். செய்தவருக்கும் 400 ரூபாய் கூடுதல். கடை போட்ட வாடகை, சாப்பாட்டுச் செலவு 150 என்று கழித்தாலும் 250 ரூபாய் கையில் நிற்கும். கண்காட்சியும் சந்தையும் ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

பிளாஸ்டர் போட்டி

அடுத்த தலைவலி பிளாஸ்டர் ஆப் பாரிஸ். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். அச்சில் ஊற்றினால் சீக்கிரமே இறுகிவிடும். பிள்ளையார் சிலை என்றால் பிளாஸ்டரை நீர்நிலையில் கரைக்கத் தடை இருக்கிறது. 2023-ல் இந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. ஆனால் குடில் பொம்மையை யாரும் ஆற்றில் கரைப்பதில்லை. பண்டிகை முடிந்ததும் அட்டைப் பெட்டியில் போட்டு பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். அதனால் இங்கே அந்தத் தடை செல்லாது. மண் பொம்மை விலையில் தோற்றுப் போகிறது.

பரண்மேல் ஏறுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளையார் மாதிரி வருஷா வருஷம் வாங்குகிற பொருள் இல்லை குடில் செட். புதுக்குடித்தனம் போனவர்கள் வாங்குவார்கள். மற்றவர்கள் காது உடைந்த ஆட்டுக்கும், இறக்கை ஒடிந்த சம்மனசுக்கும் மாற்று தேடி வருவார்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் செட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் தரமாட்டார்கள். செய்கிறவரிடம் போனால் ஒரே ஒரு ஆடுகூட கிடைக்கும். இந்த வியாபாரத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

மண்ணா, பிளாஸ்டரா என்று கண்டுபிடிப்பது சுலபம். பொம்மையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சுட்ட மண் செங்கல் நிறத்தில் இருக்கும். பிளாஸ்டர் வெள்ளையாக மாவு மாதிரி இருக்கும். விரலால் சுண்டினால் சுட்ட மண் 'டிங்' என்று கேட்கும். காகிதக்கூழ் பொம்மை என்றால் தூக்கினாலே தெரிந்துவிடும், பஞ்சு மாதிரி இருக்கும்.

அரசு என்ன தருகிறது?

மண் எடுப்பது முன்பு பெரும்பாடு. 2024-ம் ஆண்டு விதியை மாற்றி, மண்பாண்டத் தொழிலாளர்கள் 60 கன மீட்டர் வரை கண்மாய் மண்ணை இலவசமாக எடுக்க தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று அரசு சொன்னது. நல்ல விஷயம்தான். ஆனால் மழை பெய்து கண்மாய் நிறைந்த பிறகு அனுமதி கிடைத்து என்ன பிரயோஜனம்? கோடையிலேயே கையில் கிடைத்தால்தான் மண் வீடு வந்து சேரும்.

கடனுக்கு, 2025-ம் ஆண்டு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மண்பாண்டம் உட்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், ஆனால் அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் வரை மானியம் என்று அறிவிக்கப்பட்டது. 35 வயது நிரம்பியவர்களுக்குத்தான் இது. ஆடி மாதத்துக்கு முன்பே இந்தக் கடன் கைக்கு வந்தால், வியாபாரி அட்வான்சை நம்ப வேண்டியதில்லை. மார்கழியில் வந்தால் பழைய கடனை அடைக்கத்தான் ஆகும்.

வரியிலும் ஒரு வேடிக்கை. களிமண் சிலைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் அதற்கு அடிக்கும் பெயிண்டுக்கு உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், பெயிண்டுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. அதுவும் செய்கிறவர் தலையில்தான்.

மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை வைத்திருந்தால் அரசு கண்காட்சிகளில் கடை கேட்க வழி இருக்கிறது. பூம்புகார் நிறுவனமும் கிறிஸ்துமஸ் சமயத்தில் குடில் கண்காட்சி நடத்துகிறது. அதில் விளாச்சேரிக்காரர்களே உட்கார்ந்து விற்க இடம் கிடைக்க வேண்டும். நவம்பர் கடைசியிலேயே கண்காட்சியைத் திறந்தால், கடைசி வார மழை அடித்தாலும் பாதி சரக்காவது போயிருக்கும்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கோடையில் மண், ஆடிக்கு முன் கடன், மழையிலும் பொம்மை காய ஒரு பெரிய கூரை, டிசம்பரில் உட்கார்ந்து விற்க நாலடி இடம். இந்த நாலும் நேரத்துக்குக் கிடைத்தால் விலையைச் செய்தவரே வைப்பார்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய கடையில் ஸ்டிக்கர் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் 'மண்ணுதானே, இவ்வளவு சொல்றீங்களே' என்று பேரம் பேசுகிறோம். மதுரைக்காரர்களுக்கு விளாச்சேரி ஒன்றும் தூரமில்லை. டவுன் பஸ் ஏறினால் செய்கிறவர் வீட்டு வாசலிலேயே வாங்கலாம். அப்படி கொடுக்கிற காசு அந்த வாசலிலேயே நிற்கும்.