அரசன் எழுப்பிய மினாரா

நாகூர்த் தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயர்ந்தது 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் இந்து அரசர், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (1739–1763). பிள்ளைப்பேறு வேண்டிச் செலுத்திய நேர்த்திக்கடன் என்பது மரபு. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், வரலாறு படிப்பிக்கும் எம்போன்றோர்க்கு வேறொன்றும் தோன்றுகின்றது. அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாபுக்கும் ஐரோப்பியருக்குமிடையே தஞ்சை நெருக்குண்டு கிடந்தது. கரையோரக் கடல் வாணிகத்தில் மரைக்காயர் மேலோங்கி நின்றனர். அவர்தம் நெஞ்சில் ஷாகுல் ஹமீது ஆண்டகை வீற்றிருந்தார். வாளாற் பெறவொண்ணாத நல்லெண்ணத்தைச் செங்கல்லும் சுண்ணாம்பும் பெற்றுத் தந்திருக்குமன்றோ! பக்தியும் அரசியலும் ஒரே அத்திவாரத்தில் நிற்பதில் வியப்பென்ன?

அவ்வாண்டகையின் பெயர் கடல் கடந்து நம் கீழ்க்கரைக்கும் வந்தது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் அவர் அடக்கம் இல்லை, நினைவே உண்டு. எனினும் அங்கே ஆண்டுதோறும் கொடியேறுகின்றது, ஊரே திரள்கின்றது.

தர்கா வழிபாடு மார்க்கத்துக்கு ஒவ்வாதென்னும் குரல் இன்று முஸ்லிம்களிடையே வலுத்துள்ளது. அவ்வழக்கில் அயலவனாகிய யான் தீர்ப்புக் கூறுதல் தகாது. ஆனால், நாகூரிலே பிள்ளைக்கு முடியிறக்கி நேர்த்தி தீர்க்கும் இந்துத் தாய்மாரை அவ்வழக்கில் எவரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.