வைக்கோலும் ஒரு பிடி உப்பும்

ஏனாத்தூர்ப் பக்கத்துத் தெருக்களில் கட்டியிருக்கும் மாடு சுவரை நக்குவதையும், கந்தல் துணியை மெல்லுவதையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். “கெட்ட பழக்கம்” என்று முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுப் போகிறோம். அது பழக்கமன்று நண்பர்களே, பெரும்பாலும் பற்றாக்குறை! (குடற்புழுவும் காரணமாகலாம், அதற்கு மருந்து வேறு.) பாஸ்பரஸ் முதலிய தாதுச் சத்துகள் குறைந்த மாடு மண்ணையும் எலும்பையும் தேடும். ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைக் கடித்து, நோயுற்று மடிந்தன. அந்த மண்ணில் பாஸ்பரஸ் இல்லாமையே மாட்டை எலும்பின்பால் துரத்துகிறது என்று கண்டு சொன்னவர் ஆர்னால்ட் தெய்லர் என்ற கால்நடை அறிஞர்.

நம்மூர் நிலை என்ன? நெல் விளையும் ஊரில் வைக்கோலே மாட்டின் சோறு. வைக்கோல் வயிற்றை நிரப்பும், உடலைத் தேற்றாது. அதில் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான். பாஸ்பரஸோ சொற்பம். போதாக்குறைக்கு, அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு 12 கிராமை நமக்குத் தந்துவிட்டு, தீவனத்தில் கிடைக்காததைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தாதுச் சத்துக் குறைந்தால் பருவத்துக்கு வருவதும் தள்ளிப்போகும். உடனே “சினை பிடிக்காத மாடு” என்று அடிமாட்டுக்கு விற்றுவிடுகிறோம். குற்றம் மாட்டின்மீதா?

“அந்தக் காலத்தில் உப்புக் கலவையா போட்டார்கள்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்து நாட்டுப்பசு கறந்தது கொஞ்சம். ஏரிக்கரையிலும் மேய்க்காலிலும் பலவகைப் பூண்டுகளைத் தானே தேடி மேய்ந்தது. இன்று மேய்க்கால் பல இடங்களில் வீட்டுமனையாகிவிட்டது. மாடோ முளைக்குச்சியில் நிற்கிறது. கறவையைக் கூட்டிவிட்டுத் தீவனத்தைக் குறைத்தது நாம்தானே! 1989இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் மாநிலத்து மாடுகளுக்கென்றே தாது உப்புக் கலவை தயாரித்துத் தருகிறது. தவிட்டோடு நாளைக்கு 50 கிராம் அளவு கலந்தால் போதும். இதைச் செலவென்று நினைப்பவர் கறவை மாடு வைத்துக்கொள்ளாதிருப்பதே நலம்.

ஆனால் “சத்து” என்ற பெயரில் கடைக்கு வருவதெல்லாம் சத்தன்று. கோழி விரைவில் எடை போடவேண்டும் என்று தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கலந்தார்கள். அவற்றுள் ஒன்று கொலிஸ்டின். வேறெந்த மருந்துக்கும் அடங்காத கிருமி மனிதனைத் தாக்கும்போது மருத்துவர் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது! அதையா நோயில்லாத கோழிக்குத் தினமும் ஊட்டுவது? அந்த மருந்தை எதிர்க்கும் ஆற்றலை ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவச் செய்யும் மரபணு 2015இல் சீனத்தில், பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கண்டறியப்பட்டது. சுவீடன் 1986இலேயே இத்தகைய வளர்ச்சி ஊக்கிகளை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் விலக்கியது. நம் நடுவணரசு 2019 ஜூலையில்தான், உணவுக்கான கால்நடைகளிலும் கோழி, மீன் வளர்ப்பிலும் தீவனச் சேர்க்கைகளிலும் கொலிஸ்டினைத் தடை செய்தது. தாமதமே, ஆயினும் சரியான செயல். ஒரு மருந்தை நிறுத்தியதால் மற்றவை தாமாக நின்றுவிடா.

உடலில் இல்லாததை ஊட்டுவது உணவு. இல்லாத நோய்க்கு மருந்து ஊட்டுவது வியாபாரம். இரண்டும் ஒரே கடையில், ஒரே மாதிரிப் பொட்டலத்தில் கிடைப்பதுதான் தொல்லை. பல பொட்டலங்களில் என்ன கலந்திருக்கிறது என்பது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நம் தாய்மாரில் எத்தனை பேர் அதைப் படிக்க இயலும்? கல்லூரிக்கு வந்த நாம் படிக்கலாமே! விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தை வாங்கி, ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்துச் சொல்லுவோம். கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுக்காத நுண்ணுயிர்க்கொல்லி ஏதேனும் அதில் இருந்தால், பிரிக்காமலே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம்.