வயல் காய்ஞ்சாலும் பணம் வராதா? அமெரிக்க விவசாய மானியத்தின் ‘கவுண்டி’ கணக்கு இதுதான்!

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் ஒரு கவுண்டி, அந்தப் பக்கம் வேறு கவுண்டி. ரெண்டு பக்கமும் மக்காச்சோளம்தான், ரெண்டு பக்கமும் அதே மழைதான். ஆனால் அரசுப் பணம் ஒரு பக்கத்துக்கு மட்டும் வரலாம். அது எப்படி?

கவுண்டின்னா என்ன?

மாநிலத்துக்குக் கீழே இருக்கும் நிர்வாகப் பிரிவு, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஆனால் அளவில் சின்னது. ஐயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள் இருக்கின்றன.

பணம் எப்படி கணக்கிடப்படுகிறது?

2014 விவசாயச் சட்டத்தில் வந்த திட்டம் ‘ஏஆர்சி-கவுண்டி’. கடந்த 5 ஆண்டுகளின் விளைச்சல், விலையை வைத்து, அந்த கவுண்டியில் ஒரு ஏக்கருக்கு வழக்கமாக எவ்வளவு வருமானம் வரும் என்று கணக்கிடுவார்கள். அதில் 86 சதவீதத்துக்குக் கீழே வருமானம் குறைந்தால் அரசு பணம் தரும். 2025-ல் வந்த புதிய சட்டம் இதை 90 சதவீதமாக உயர்த்தியது.

உதாரணமாக, வழக்கமான வருமானம் 800 டாலர் என்றால் உத்தரவாதம் 720 டாலர். கவுண்டியின் வருமானம் 650 டாலராக இறங்கினால், வித்தியாசம் 70 டாலர். அதுவும் பதிவில் உள்ள ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான். 100 ஏக்கர் வைத்திருப்பவருக்கு 5,950 டாலர் கிடைக்கும்.

சரி, சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், இது கவுண்டியின் சராசரி. உங்க வயல் ஆலங்கட்டி மழையில் அழிந்தாலும், கவுண்டி முழுக்க நல்ல விளைச்சல், நல்ல விலை என்றால் இந்தத் திட்டத்தில் ஒரு டாலர்கூட வராது. அமோகமா விளைஞ்சவருக்கும், கவுண்டி சராசரி விழுந்தால் பணம் வரும். சொந்த வயல் நஷ்டத்துக்குத் தனியாகப் பயிர்க் காப்பீடு எடுக்கணும்.

இரண்டாவது, ‘பதிவு ஏக்கர்’. இந்த வருஷம் என்ன விதைச்சீங்க என்பதல்ல, அந்த நிலத்தில் முன்பு என்ன பயிர் எவ்வளவு பதிவானது என்பதுதான் கணக்கு.

மூன்றாவது, காத்திருப்பு. 2025-ல் அறுத்த மக்காச்சோளத்துக்கான பணம் 2026 அக்டோபருக்குப் பிறகுதான் வரும். அதுவரை விதைக்கடன், டீசல், குத்தகை எதுவும் காத்திருக்காது.

2019-ல் என்ன நடந்தது?

சீனாவுடனான வர்த்தகப் போரில் சோயாபீன் விற்பனை அடி வாங்கியது. நிவாரணமாக ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை தந்தது அரசு. அப்போதும் தொகையைத் தீர்மானித்தது கவுண்டிதான். அதனால் எல்லைக்கு இருபுறமும் வேறு வேறு தொகை.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு வருவாய் கிராமத்தை அலகாக வைத்து, பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம்தான் பொதுவாக மகசூல் இழப்பு கணக்கிடப்படுகிறது. “என் வயல் மூழ்கிடுச்சு, எனக்கு ஏன் வரல?” என்ற டெல்டா விவசாயியின் கேள்வியும், ஐயோவா விவசாயியின் கேள்வியும் ஒன்றுதான்.

வயல் வயலாகப் போய் அளக்க ஆளும் செலவும் அதிகம், முறைகேட்டுக்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் அரசுகள் சராசரியைப் பிடிக்கின்றன. ஆனால் கடன் சராசரியாக வருவதில்லை, அது ஒவ்வொரு விவசாயியின் பேரில்தான் வருகிறது. அலகு எவ்வளவு சின்னதோ, உதவி அவ்வளவு சரியாகப் போய்ச் சேரும்.