நகரின் கணக்கில் வயலும் இடம்பெற வேண்டும்

2017 கோடையில் பேப்பாறை அணை வறண்டுவந்தபோது, நெய்யாறு அணை நீரைப் பம்புகளால் இறைத்து அருவிக்கரைக்கு அனுப்பியே திருவனந்தபுரத்தின் தாகம் தணிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் அந்நகரம் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்வாயிற்று.

அதே அணையின் இடதுகரைக் கால்வாய், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளுக்கும் எல்லைக்கு அப்பால் விளவங்கோடு வட்டத்தின் 9,200 ஏக்கருக்கும் பாசனம் தர அமைந்தது. தமிழகப் பகுதிக்கு 2004 முதல் நீர் நின்றது. 2012இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

குடிநீரே முதல் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கால்வாய் வறண்டால், விவசாயி கிணற்று நீரை இறைக்க மின்சாரம் செலவாகிறது. நெல் வயலில் வாழையும் ரப்பரும் இடம்பிடிக்கின்றன. நகரத்திற்கான அரிசி தொலைவிலிருந்து லாரியில் வருகிறது. நீர்க்கணக்கில் வரவாகத் தோன்றுவது மின்சாரம், உணவு ஆகிய கணக்குகளில் பற்றாகிறது.

கடன் விண்ணப்பத்தை ஆராயும்போது, சொத்தோடு பொறுப்புகளையும் சேர்த்தே வங்கி பார்க்கிறது. நகரத் திட்டங்களுக்கும் அதுவே முறை. குழாய்க் கசிவை அடைத்தல், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பூங்காக்களுக்குப் பயன்படுத்தல், கால்வாயைத் தூர்வாருதல், எல்லையில் இரு மாநிலங்களும் கூட்டாக நீரை அளத்தல் ஆகிய நான்கும் முதல் செலவினங்களாக வேண்டும். எல்லைக்கோடு மனிதர் வகுத்தது. இருபுறத்து வயல்களுக்கும் ஆறு ஒன்றே.