குதிரையைக் கேட்டது யார்?

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு படம் வந்தது. நரைத்த பிடரியோடு ஒரு குதிரை. கீழே 'கிழக் குதிரைக்கு வழி தெரியும் - சீனப் பழமொழி' என்று எழுதியிருந்தது. உடனே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் ஒன்று போட்டேன். எனக்கு வயது 74. புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் இதை 'அறுபதும் பதினான்கும்' என்றுதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொன்னாலும் கிழக் குதிரைதான்.

ஆனால் அந்தப் பழமொழி பிறந்த கதை நாம் கைகூப்பியதற்கு ஒத்துவராது.

சீனத்தில் அது நான்கே எழுத்து: லாவ் மா ஷீ தூ. கிழம், குதிரை, அறிதல், வழி. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சீ நாட்டு மன்னர் ஹுவான் கூஷூ நாட்டின்மீது படையெடுத்தார். வசந்தத்தில் போன படை குளிர்காலத்தில் திரும்பியது. போகும்போது பார்த்த நிலம் வரும்போது அடையாளம் தெரியவில்லை. வழி தவறிவிட்டது. அமைச்சர் குவான் சோங் கிழக் குதிரைகளை அவிழ்த்துவிடச் சொன்னார். படை அவற்றின் பின்னால் நடந்தது, வழி கிடைத்தது. பிறகு மலையில் தண்ணீர் இல்லாமல் தவித்தபோது, இன்னொருவர் எறும்புப் புற்று இருக்கும் இடத்தில் தோண்டச் சொன்னார், தண்ணீரும் கிடைத்தது.

இதை எழுதிவைத்தவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹான் ஃபெய். அவர் குதிரையைப் புகழவில்லை. அவ்வளவு பெரிய அறிவாளியே தனக்குத் தெரியாததைக் குதிரையிடமும் எறும்பிடமும் கற்கத் தயங்கவில்லை, நாமோ அறிஞர்களிடம்கூடக் கேட்பதில்லை என்பதுதான் அவர் ஆதங்கம். பாராட்டு கேட்டவனுக்கு. வள்ளுவரும் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தை அரசனுக்குரிய பகுதியில்தான் வைத்தார். தேடிப் போக வேண்டியவன் அரசன்.

நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். 1970களில் நாகர்கோவிலில் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி அல்லவா? பழைய ஆதாரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருந்தன. பிரெஞ்சு படித்த எனக்கு ஓரெழுத்தும் புரியவில்லை. ஆதாரம் எழுதும் பெரியவர் ஒருவரிடம் போய் நின்றேன். "பிரெஞ்சு படிச்ச பிள்ளைக்கு மலையாளம் எம்மாத்திரம்?" என்று சிரித்துவிட்டு, தினமும் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். கணக்கு சுலபம். சிங்கம் மாதம் முதல் டிசம்பர் முடிய 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது கொல்லம் 1112 துலாம் 27. அதாவது 1936 நவம்பர் 12. இந்த ஒரு தேதியை மனதில் வைத்துக்கொண்டால் தப்பு வராது என்றார். இன்றுவரை வந்ததில்லை.

58 வயதில் ஓய்வு பெற்றபின் நான் செய்த தப்பு வேறு. மாதம் ஒரு முறை பழைய அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே யோசனை சொல்வேன். ஒரு நாள் ஒரு பெண் ஊழியர் மரியாதையாகவே, "சார், இப்போ எல்லாம் ஆன்லைன்" என்றாள். வீட்டுக்கு வந்து, "ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான்" என்று புலம்பினேன். "நீங்க கேக்க விட்டாத்தானே" என்றாள் மனைவி. கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளப் பல வருஷம் ஆனது.

கிழக் குதிரைக்கும் எல்லா வழியும் தெரியாது. தான் நடந்த வழிதான் தெரியும். சென்ற மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஓர் ஆதாரத்தோடு வந்தான். "பாட்டா, இது எந்த வருஷம்?" கொல்லம் 1112 மேடம். "1937" என்றேன். முழுவதையும் வாசித்துச் சொன்னேன். போகுமுன் அவன் என் செல்போனை வாங்கி, நான் மூன்று நாளாகத் திணறிக்கொண்டிருந்த ஆயுள் சான்றைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொடுத்தான். அந்த வழியில் அவன்தான் கிழக் குதிரை. கேட்க எனக்குத்தான் மூன்று நாளாக வாய் வரவில்லை.

இளைஞர்கள் நம்மிடம் கேட்பதில்லை என்று நம் குழுவில் அடிக்கடி வருத்தப்படுகிறோம். நாம் அவர்களிடம் எத்தனை முறை கேட்டோம்? நாம் கேட்டுப் பழகினால் அவர்களும் கேட்பார்கள் என்பது என் அனுபவம்.

இந்தக் கதையைக் குழுவிலும் போட்டேன். வழக்கம்போல் கைகூப்பல்கள். ஒருவர் மட்டும், தன் தகப்பனார் காலத்து ஆதாரம் ஒன்று மலையாளத்தில் இருக்கிறது, பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.