பொய் சொல்லும் முள்



போன வாரம் இரவு ஒன்பது மணிக்குப் புறவழிச்சாலையில் என் பழைய கார் நின்றுவிட்டது. பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டியது. உள்ளே சொட்டுகூட இல்லை. லாரிகள் பறக்க, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்கிறார் மெக்கானிக். இரண்டு வருடமாக நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வெறும் சாக்கு!

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அது இறங்கும். அதன் கை மின்தடைப் பட்டையின் மேல் நகரும். அதற்கேற்ப முள் அசையும். பட்டை தேய்ந்தாலோ, மிதவை ஓட்டையானாலோ, எர்த் வயர் துருப்பிடித்தாலோ கணக்கு தப்பும். மூன்றையும் சரிசெய்யலாம். சீட் கவருக்குச் செலவழிக்கிறோம், இதற்கு மனம் வராதா?

அதுவரை, டேங்க்கை நிரப்பியதும் கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். 30 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் 450 வரும்; 300-லேயே பங்குக்குப் போய்விடுங்கள்.

தவறென்று தெரிந்த விடைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. அந்த முள்ளுக்கு மட்டும் இத்தனை நாள் போட்டுவிட்டேன். நீங்கள் போடாதீர்கள்.